எம்பி3 பிளேயர் கதை: காரைக்குடி கடையில அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில செக்காலை ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு செல்போன் சர்வீஸ் கடை நம்மளது. கேசட் காலத்துல இதே கடை ரெக்கார்டிங் சென்டரா இருந்துச்சு, அப்புறம் சிடி ரைட் பண்ணோம், அப்புறம் மெமரி கார்டுல பாட்டு ஏத்துனோம், இப்ப டிஸ்பிளே மாத்துறதும் சார்ஜிங் பின் மாத்துறதும்தான் ஓடுது. ஆனாலும் பீரோவ ஒதுக்கும்போது கெடச்சுச்சுன்னு பழைய எம்பி3 பிளேயர எடுத்துக்கிட்டு யாராவது வந்துக்கிட்டேதான் இருக்காங்க, வந்தவங்க சும்மா போறதில்ல, நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் போவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

படிக்கும்போது ஒண்ணு கவனிச்சுக்கிட்டே வாங்க. எது முதல்ல வந்துச்சு, எது அழகா இருந்துச்சு, எதுல சவுண்டு நல்லாருந்துச்சுன்னு ஆளாளுக்குப் பேசுவாங்க, ஆனா எது ஜெயிச்சுச்சு எது தோத்துச்சுங்கறத முடிவு பண்ணது அதுக்குள்ள பாட்டை எப்படி ஏத்துறதுங்கற ஒரே விஷயம்தான்னு எனக்குத் தோணுது.

உலகத்துல முதல்ல வந்த எம்பி3 பிளேயர் ஐபாட்தானே?

இல்லங்க. ஆப்பிள் கம்பெனியோட ஐபாட் வந்தது 2001 அக்டோபர்ல. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1998ல, கொரியாவுல சேஹான்னு ஒரு கம்பெனி எம்பிமேன் எஃப்10ன்னு ஒண்ணு விட்டாங்க, கடைக்கு வந்த முதல் எம்பி3 பிளேயர்னு அதைத்தான் சொல்லணும். அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்காவுல டைமண்ட் கம்பெனி ரியோ பிஎம்பி300ன்னு ஒண்ணை அறிவிச்சாங்க, விலை 200 டாலர், ஒத்த பென்சில் பேட்டரியில ஓடும், பேரு பரவுனது இதுக்குத்தான்.

அதுக்கும் முன்னாடி போகணும்னா 1979. இங்கிலாந்துக்காரர் கேன் கிரேமர், சிப்புக்குள்ள பாட்டை வச்சு கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு மெஷின வரைஞ்சு காமிச்சாரு, அதுல மூணரை நிமிஷப் பாட்டுதான் புடிக்கும். பேட்டன்ட்டும் வாங்குனாரு, அப்புறம் அதைப் புதுப்பிக்கக் காசு பத்தாம 1988ல விட்டுட்டாரு. பின்னால ஆப்பிளே வேற ஒரு பேட்டன்ட் வழக்குல இந்த யோசனை பழசுதான்னு காட்டுறதுக்கு அவரை சாட்சியா கூப்பிட்டாங்க. சோனி வாக்மேன் வெளிய வந்ததும் அதே 1979தான், அதனால ஒரே வருஷத்துல கேசட்டுக்காரன் ஜெயிச்சான், சிப்புக்காரர் இருவது வருஷம் முந்திப் பொறந்துட்டாருன்னு வச்சுக்கலாம்.

அந்த ரியோவுல எத்தனை பாட்டு புடிக்கும்?

அது 32 எம்பி. 128 கேபிபிஎஸ்ல, அதாவது நொடிக்கு 128 கிலோபிட் கணக்குல, ஒரு நிமிஷப் பாட்டுக்கு கிட்டத்தட்ட 1 எம்பி ஆகும், அப்ப மொத்தமே அரைமணி நேரம்தான். இங்கிலீஷ் பாட்டு மூணு, மூணரை நிமிஷம்கறதால அவங்களுக்கு ஒம்பது பாட்டாவது தேறும், நம்ம சினிமாப் பாட்டு பல்லவி, ரெண்டு சரணம், நடுவுல நீளமா வயலின்னு அஞ்சு நிமிஷம் போறது, ஆறே ஆறு பாட்டுதான். அந்தக் காலத்துல ஒரு மணி நேரம் ஓடுற சி-60 கேசட்டுல பன்னெண்டு பாட்டு ஏத்திக் குடுப்போம், அதுல பாதி. இதுக்கு 200 டாலர் குடுக்கணும், பாட்டை மாத்தணும்னா கம்ப்யூட்டருக்குப் பின்னாடி பிரின்டர் சொருகுற ஓட்டையில கேபிள மாட்டிட்டு காத்துக் கெடக்கணும். நம்ம பக்கம் ஏன் யாரும் வாங்கலேன்னு இப்ப புரியும்.

ரெக்கார்டு கம்பெனிக்காரங்க கேஸ் போட்டாங்களாமே?

ஆமா. ரியோ கடைக்கு வர்றதுக்குள்ளயே அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளோட சங்கம் 1998 அக்டோபர்ல கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. இது பாட்டைத் திருடுற மெஷின், வீட்டுல பாட்டுப் பதிவு பண்றது பத்துன 1992 சட்டப்படி ராயல்ட்டி கட்டணும், காப்பி தடுக்குற பூட்டு வைக்கணும்னாங்க. 1999 ஜூன்ல மேல்முறையீட்டு கோர்ட்டு, ரியோ நேரா சிடியில இருந்தோ ரேடியோவுல இருந்தோ பதிவு பண்ணல, கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குல இருக்கற ஃபைலத்தான் எடுத்துக்குது, அதனால அந்தச் சட்டத்துக்குள்ள வராது, ஒருத்தர் தன்கிட்ட இருக்கற பாட்டை இன்னொரு இடத்துக்கு மாத்திக்கறது தப்பில்லன்னு சொல்லிருச்சு. இந்தத் தீர்ப்பு மட்டும் வேற மாதிரி வந்திருந்தா ஐபாட்டும் இல்ல, சைனா பிளேயரும் இல்ல, என் கடையில பாதி வருஷம் வியாபாரமும் இல்ல.

எம்பி3ன்னா என்னதான் பண்ணுது, எப்படி அவ்வளவு சின்னதா ஆவுது?

சிடியில ஒரு நொடிக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டா எழுதி, இடது வலதுன்னு ரெண்டு சேனல், ஆக மொத்தம் நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3 அதை 128க்கு கொண்டாந்துருது, பதினோரு மடங்கு சின்னது.

எதைத் தூக்கிப் போடுதுன்னா, நம்ம காது எப்படியும் கேக்காததை. கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பு வரும்போது கெட்டிமேளம் கொட்டுற நொடியில பக்கத்துல நிக்கிற மாமா ஏதோ சொல்லுவாரு, வாய் அசையறது தெரியும், ஒண்ணும் காதுல விழாது. பெரிய சத்தம் சின்னதை மூடிருது, அந்த மூடப்பட்ட சத்தத்துக்கு எதுக்கு பிட்டை வீணாக்கணும்ங்கறதுதான் விஷயம். ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சிக் கூடத்துல கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்னு ஒருத்தரும் அவரு கூட இருந்தவங்களும் வருஷக்கணக்கா இதுல உக்காந்தாங்க. அவங்களுக்கு ரொம்பத் தண்ணி காட்டுனது பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இல்ல, வாத்தியமே இல்லாம ஒரு பொம்பள தனியாப் பாடுன பாட்டு, ஏன்னா வெறும் குரல்ல சின்ன பிசிறு இருந்தாலும் காது கண்டுபிடிச்சுரும், மறைஞ்சுக்க எடம் இல்ல. ஃபைல் பேருக்குப் பின்னாடி எம்பி3ன்னு போடலாம்னு முடிவு பண்ணது 1995 ஜூலை 14ல. பேட்டன்ட் எல்லாம் தீர்ந்து லைசென்ஸ் குடுக்கறதை 2017 ஏப்ரல்ல நிறுத்திட்டாங்க, இப்ப யாரு வேணா காசு கட்டாமப் பயன்படுத்தலாம்.

சைனா பிளேயர்ல ஜால்ரா சத்தம் மட்டும் சல்லு சல்லுன்னு தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குதுன்னா அது பிளேயர் குத்தம் இல்ல, அந்தப் பாட்டை யாரோ 64லயோ 96லயோ அமுக்கி வச்சிருக்காங்க.

நம்ம பக்கம் இதெல்லாம் எப்படி வந்துச்சு?

சிங்கப்பூர்தான், வேறென்ன. செட்டிநாட்டுல பாட்டுப் பெட்டிங்கறது கப்பல்ல வந்த காலத்துல இருந்தே கடல் தாண்டி வந்த சாமான்தான். ரெக்கார்டு வியாபாரமும் நம்மளுக்குப் புதுசில்ல, ஏவிஎம் மெய்யப்ப செட்டியார் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி கிராமபோன் ரெக்கார்டு வித்தவரு, காரைக்குடிக்காரரு. அப்புறம் மலேயா, சிங்கப்பூர் போனவங்க வால்வு ரேடியோ, டூ-இன்-ஒன், வாக்மேன்னு கொண்டாந்தாங்க. 2000க்கு அப்புறம் சிங்கப்பூர் முஸ்தஃபா கடைப் பையில சாக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவுல எம்பி3 பிளேயர் வர ஆரம்பிச்சுச்சு.

அதுல நெறைய கிரியேட்டிவ் கம்பெனியோடது, அது சிங்கப்பூர்க் கம்பெனியேதான், சிம் வோங் ஹூன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, கம்ப்யூட்டருக்கு சவுண்ட் பிளாஸ்டர் கார்டு போட்டவங்க. 2000ல நோமாட் ஜூக்பாக்ஸ்னு 6 ஜிபி ஹார்ட் டிஸ்க் வச்சு ஒண்ணு விட்டாங்க, சிடி வாக்மேன் சைஸ்ல இருக்கும், பாக்கெட்டுல போட்டா வேட்டி அவுந்துரும். அப்புறம் மூவோன்னு ஒண்ணு, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது: பேட்டரி பாகத்தைக் கழட்டுனா உள்ள இருக்கறது பென்டிரைவ், நேரா கம்ப்யூட்டர்ல சொருகு, பாட்டை இழுத்துப் போடு, கழட்டு, அவ்வளவுதான், கேபிளும் வேணாம் சாப்ட்வேரும் வேணாம். இன்னொண்ணு தெரியுமா, பாட்டை ஆர்ட்டிஸ்ட், ஆல்பம்னு அடுக்கி மெனுவுல காட்டுற முறைக்கு கிரியேட்டிவ் பேட்டன்ட் வாங்கி வச்சிருந்தாங்க, அதை வச்சு ஆப்பிள் மேல கேஸ் போட்டு 2006ல 10 கோடி டாலர் வாங்குனாங்க. ஐபாட் பத்திப் பேசுற எவனும் இதைச் சொல்ல மாட்டான்.

ஆனா நெசமாச் சொல்லணும்னா, ஊருல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு முதல் எம்பி3 பிளேயர்ங்கறது கையில புடிக்கறது இல்ல, டிவிக்குக் கீழ இருந்த விசிடி பிளேயர். ஒரு சிடி 700 எம்பி, அஞ்சு நிமிஷப் பாட்டுன்னா நூத்தி நாப்பது பாட்டு சொச்சம் ஏறும். கேசட்டுல பன்னெண்டு பாட்டுக்கு லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்து வாங்கிட்டுப் போனவங்க, ஒரே சிடியில நூத்துச் சொச்சம் பாட்டுன்னதும் அசந்துட்டாங்க. ஏத்துற ஆளு அப்பவும் நாங்கதான், அதான் அது ஓடுச்சு.

ஐபாட் அப்படி என்னத்தப் பெருசாப் பண்ணிருச்சு?

மூணு விஷயம். ஒண்ணு, தோஷிபா அப்பத்தான் 1.8 இஞ்ச்ல குட்டி ஹார்ட் டிஸ்க் போட்டிருந்தாங்க, அதை யாருக்கு விக்கிறதுன்னு தெரியாம இருந்தாங்க, ஆப்பிள் அதை அப்படியே வளைச்சுப் போட்டுருச்சு. அவ்வளவு சின்ன தட்டுல 5 ஜிபி எழுதிப் படிக்க முடிஞ்சதுக்குப் பின்னால பெரிய இயற்பியல் இருக்கு, மெல்லிசான காந்த அடுக்குல காந்தம் லேசா மாறுனாலே மின்தடை ரொம்ப மாறுதுன்னு 1988ல கண்டுபிடிச்ச ஆல்பெர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் ரெண்டு பேருக்கும் 2007ல நோபல் குடுத்தாங்க. ரெண்டு, அந்தச் சக்கரம், ஆயிரம் பாட்டுல வேணுங்கறதை கட்டை விரல்ல சுத்தியே புடிச்சுரலாம், மத்ததுல எல்லாம் பட்டனை அமுக்கி அமுக்கி வெரல் தேஞ்சுரும். மூணாவது, என் கணக்குல இதுதான் முக்கியம், ஃபயர்வயர்ங்கற வேகமான கேபிள் இணைப்பு. மத்தவங்க பழைய யூஎஸ்பியில ஆயிரம் பாட்டு ஏத்த மணிக்கணக்கா உக்காந்திருந்தப்ப இது பத்து நிமிஷத்துல முடிச்சுரும்.

நம்ம ஊருல அது ஏன் ஓடல? விலை 399 டாலர்ங்கறது ஒரு பக்கம். முதல்ல மேக் கம்ப்யூட்டர்லதான் வேலை செய்யும், விண்டோஸுக்கு 2002ல வந்துச்சு. அவங்க பாட்டுக் கடையை 2003 ஏப்ரல்ல தெறந்தாங்க, பாட்டு 99 சென்ட், ஆனா அந்தக் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பர்ல! ஒம்பது வருஷமா நம்மாளு காசு குடுத்து வாங்கணும்னு நெனச்சாக்கூட கடை கெடையாது. அப்புறம் அந்த ஐடியூன்ஸ், ஐபாட்ல பாட்டு ஏத்த ஆப்பிள் குடுத்த சாப்ட்வேர். மருமகன் துபாயில இருந்து ஐபாட் வாங்கியாந்து குடுத்துருப்பாரு, மாமனாரு அதைக் கடைக்குக் கொண்டாந்து தம்பி நாலு பக்திப் பாட்டு ஏத்திக் குடுப்பாம்பாரு, நம்ம கம்ப்யூட்டர்ல மாட்டுனா, ஏற்கனவே இருக்கறதை அழிச்சுட்டு இதைப் போடவான்னு கேக்கும். பாட்டை இழுத்துப் போட்டா ஃபைலா உக்காருமே தவிர பாடாது. உள்ள நொழைஞ்சு பாத்தா பாட்டுப் பேரு எல்லாம் நாலு எழுத்து நாலு எழுத்தா கலைச்சுப் போட்டு வச்சிருக்கும். நல்ல பொருள்தான், ஆனா நம்ம ஊரு பழக்கத்துக்கு ஒத்து வராத பொருள்.

வாக்மேனே சோனியோடதுதான், அவங்க ஏன் கோட்டை விட்டாங்க?

சோனி 1988ல ஒரு பெரிய அமெரிக்க ரெக்கார்டு கம்பெனியை வாங்கிட்டாங்க, அதனால ஒரு கை பிளேயர் செய்யும்போது இன்னொரு கை காப்பி அடிச்சுருவாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்துச்சு. 1999லயே மெமரி ஸ்டிக் போட்ட வாக்மேன் விட்டாங்க, ஆனா எம்பி3யை நேராப் பாடாது, ஏட்ராக்குங்கற அவங்க ஃபார்மேட்டுக்கு மாத்தணும், அதுக்கு அவங்க சாப்ட்வேர்தான் வேணும். எம்பி3யை அப்படியே பாடுற மாதிரி எறங்கி வந்தது 2004 கடைசியில, அதுக்குள்ள ஊரு காலி. சவுண்டு மட்டும் சோனியிதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

சைனா பிளேயர்ல 8 ஜிபின்னு போட்டிருக்கு, ஆனா கொஞ்சம் பாட்டுக்கு மேல ஏத்துனா கெட்டுப் போவுதே?

அது 8 ஜிபியே இல்ல. உள்ள இருக்கறது 1 ஜிபி சிப்பா இருக்கும், அந்தச் சிப்ப நடத்துற கன்ட்ரோலர்ல பொய் சொல்ல வச்சிருப்பான். கம்ப்யூட்டர்ல 8ன்னே காட்டும், காப்பியும் ஆவும், நெசமான எடம் தீந்ததும் மேல வர்றது எல்லாம் பழசு மேலயே எழுதும் இல்லாட்டி காத்துல போயிரும். பாட்டு பாதியில கிர்ருன்னு கத்தும், பேரு எல்லாம் கோழி கிறுக்கலா மாறும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன சாப்ட்வேர் இருக்கு, முழுசா எழுதி முழுசா திருப்பிப் படிச்சு உண்மையை சொல்லிரும், பென்டிரைவ், மெமரி கார்டு எது வாங்குனாலும் ஓட்டிப் பாத்துருங்க.

மத்தபடி சைனா பிளேயர நான் திட்ட மாட்டேன். உள்ள பெரும்பாலும் ஆக்ஷன்ஸ்ங்கற கம்பெனியோட ஒரே ஒரு சிப்பு, எல்லாக் கலர்லயும் எல்லாப் பேர்லயும் அதேதான். கம்ப்யூட்டர்ல மாட்டுனா பென்டிரைவ் மாதிரி தெறக்கும், இழுத்துப் போட்டாப் பாடும், எந்த சாப்ட்வேரும் கேக்காது. சோனி, ஆப்பிள் பண்ணாததை பேரு தெரியாத அந்தப் பிளேயர் பண்ணுச்சு.

எம்பி4ங்கறது எம்பி3யை விட ஒரு படி மேலயா?

கெடையாது. எம்பி4ங்கறது வீடியோ, ஆடியோ ரெண்டையும் போட்டு வைக்கிற ஒரு ஃபைல் வகை. சைனாக்காரன் வீடியோ ஓடுற பிளேயருக்கு எம்பி4 பிளேயர்னு பேரு வச்சு வித்தான், அதுல பல பிளேயர்ல எம்பி4 ஃபைலே ஓடாது, ஏஎம்வின்னு ஒரு மட்டமான ஃபார்மேட்டுக்கு மாத்துனாத்தான் ஓடும். எம்பி5ன்னு வித்தது வெறும் ஏமாத்து.

பிளேயர் எல்லாம் எப்ப செத்துச்சு? போன் வந்துதானே?

போன்னு மொட்டையாச் சொல்ல முடியாது, போன்ல கார்டு போடுற ஓட்டை வந்துதான். 2005ல சோனி எரிக்சன் டபிள்யூ800 வாக்மேன் போன் வந்துச்சு, அடுத்து நோக்கியா எக்ஸ்பிரஸ் மியூசிக் வரிசை, அதுக்கப்புறம் சத்தமாப் பாடுற சைனா போன். நகத்தளவு மைக்ரோ எஸ்டி கார்டைக் கழட்டிக் குடுத்துட்டு, அண்ணே பழைய பாட்டு, புதுப் பாட்டு, கொஞ்சம் காமெடி எல்லாம் கலந்து ஏத்தி வைங்கன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க, திரும்பி வர்றதுக்குள்ள ஏறிரும். ஜிபிக்கு இவ்வளவுன்னு காசு. அதெல்லாம் முறைப்படி வாங்குன பாட்டான்னா இல்ல, தெருவுக்கு ஒரு கடை அப்படித்தான் ஓடுச்சு.

எங்களுக்கு உச்ச சீசன் தைப்பூசத்துக்கு முன்னாடி. நகரத்தார் காவடியோட பழனிக்கு நடந்து போறவங்க, கூடப் போற மத்த ஊர்க்காரங்க எல்லாரும் முருகன் பாட்டு ஏத்தக் கடைக்கு வந்துருவாங்க. அதுல வெவரமானவங்க போனை விட்டுட்டு பென்சில் பேட்டரி போடுற பழைய பிளேயரத்தான் எடுத்துக்குவாங்க, ஏன்னா வழியில சார்ஜ் போட எடம் தேட வேணாம், எந்தப் பெட்டிக்கடையிலயும் பேட்டரி கெடைக்கும்.

அந்தக் கார்டு வியாபாரத்தை முடிச்சது 2016 செப்டம்பர்ல வந்த ஜியோ. நெட்டு சும்மா கெடைக்கும்போது எவன் டீ குடிச்சுட்டு காத்திருப்பான். ஆப்பிளும் ஐபாட் மாடல்கள்ல கிளாசிக்க 2014லயும், நேனோ, ஷஃபிள் ரெண்டையும் 2017லயும் நிறுத்துச்சு, ஐபாட் டச்ச 2022 மே மாசம் நிறுத்துனதோட ஐபாட் பேரே போயிருச்சு.

அப்பத்தாவுக்கு பாட்டுப் பெட்டி ஒண்ணு வாங்கணும், எது நல்லது?

ஆயிரம் செட்டிங் இருக்கற எதையும் வாங்கிராதீங்க. சரிகம கம்பெனி 2017ல கார்வான்னு ஒண்ணு விட்டாங்களே, பழைய ரேடியோ மாதிரி இருக்கும், உள்ளயே 5,000 பாட்டு போட்டு வருது, தமிழுக்குன்னு தனியாவும் இருக்கு, பாடகர் பேரு போட்ட திருகைத் திருப்புனாப் போதும். எம்பி3 மேதாவிகள் அதைப் பாத்து சிரிச்சாங்க, நான் சிரிக்கல. பாட்டு ஏத்துற வேலையே இல்லங்கறதுதான் அதோட மொத்த சாமர்த்தியமும். கானாடுகாத்தான்ல அவ்வளவு பெரிய வீட்டுல தனியா இருக்கற ஆச்சி ஒருத்தவங்க அதை வளவுல, அதாவது நடு முற்றத்துப் பக்கம், வச்சுட்டு சமையக்கட்டுல இருந்தே கேக்குறாங்க, அந்த ஓட்டுக் கூரையும் கல்தூணும் சத்தத்தை நல்லாவே எடுத்துட்டுப் போவுது, வால்யூம் பாதிக்கு மேல வைக்கிறதே இல்லயாம்.

காசு கம்மியா வேணும்னா பென்டிரைவ் சொருகுற சின்ன ஸ்பீக்கர் வாங்கிக் குடுங்க, ஆனா பட்டன் எழுத்து பெருசா இருக்கான்னு பாத்து வாங்குங்க, அதுல நிறையத்துல எம்னு ஒரே எழுத்து போட்ட பட்டன்தான் மோடு மாத்துறது, அதை அமுக்கி ரேடியோவுக்குப் போயிட்டா திரும்பி வரத் தெரியாம ஒங்களுக்குத்தான் போன் வரும்.

இப்ப யாராவது தனியா பிளேயர் வாங்குறாங்களா?

வாங்குறாங்க, அது வேற கூட்டம். 2016 செப்டம்பர்ல ஐபோன் 7ல ஹெட்போன் ஓட்டையை எடுத்தாங்க, மத்தவங்களும் ஒவ்வொருத்தரா எடுத்துட்டாங்க. ப்ளூடூத்துல அனுப்பும்போது பாட்டை இன்னொரு தடவை அமுக்கித்தான் அனுப்பும், அது பிடிக்காதவங்க ஃபியோ, ஆஸ்டெல் அண்ட் கெர்ன், சோனின்னு தனி பிளேயர் வாங்கி, ஃப்ளாக் ஃபைல் போட்டு வயர் ஹெட்போன்ல கேக்குறாங்க. ஃப்ளாக்ங்கறது எதையும் தூக்கிப் போடாம மடிச்சு மட்டும் வைக்கிறது, 2001ல வந்தது, சிடியில பாதிக்கு மேல எடம் எடுக்கும்.

நான் சொல்றது என்னன்னா, ஒங்ககிட்ட இருக்கறது அந்தக் காலத்துல யாரோ ஏத்துன 128 பாட்டுன்னா, அம்பதாயிரம் ரூபா பிளேயர்லயும் அது அதேதான், ஓட்டை இன்னும் தெளிவாத் தெரியும். அதை ஃப்ளாக்கா மாத்துனா நல்லாயிருமான்னு கேக்காதீங்க, போனது போனதுதான், ஃபைல் சைஸ்தான் ஏறும்.

பழைய பிளேயர் உப்பிக்கிட்டு மூடி தெறந்துருச்சு, சார்ஜ் போட்டுப் பாக்கலாமா?

போடவே போடாதீங்க. லித்தியம் பேட்டரி உள்ள கேஸ் உண்டாகி உப்பிருக்கு. ஊசியால குத்தி காத்தை எடுக்கறேன்னு எவனாவது யூடியூப்ல காட்டுனா நம்பாதீங்க, தீப்புடிச்சுரும். பெரிய கம்பெனி பொருளும் இதுக்கு விதிவிலக்கு இல்ல, 2005ல வந்த முதல் ஐபாட் நேனோவோட பேட்டரி சூடாவுதுன்னு 2011ல ஆப்பிளே திருப்பி வாங்கிக்கிச்சு. கேக்குறவங்க கேக்குறாங்க, நம்ம ஊருல சிக்ரி இருக்கே, லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி எல்லாம் பண்றாங்களே, அங்க குடுத்தா சரி பண்ணித் தருவாங்களான்னு. அது ஆராய்ச்சிக்கூடம் அய்யா, ரிப்பேர் கடை இல்ல. துணி, பேப்பர் பக்கத்துல வைக்காம தனியா எடுத்துட்டு வாங்க, அளவு ஒத்துப்போற பேட்டரி கெடச்சா மாத்தலாம்.

அதுல ஐயா பேசுனது பதிவாகி இருக்கு, ஆனா கம்ப்யூட்டர்ல தெறக்கல, எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். சைனா பிளேயர்ல மைக் இருக்கும், அதுல பதிவு பண்ணா ஏசிடின்னு முடியற ஃபைலா உக்காரும், சாதாரண சாப்ட்வேர் எதுலயும் தெறக்காது, அதுக்குன்னு இருக்கற கன்வெர்ட்டர்ல போட்டு வேவ் ஃபைலா மாத்தணும். சத்தம் போன்ல பேசுற மாதிரி மூக்கடைச்சுத்தான் இருக்கும், அதைச் சரி பண்ண முடியாது. அவசரப்பட்டு ஃபார்மேட் கேக்குதுன்னு ஓகே குடுத்துராதீங்க, பாட்டு போனா பாட்டு திரும்பக் கெடைக்கும்.

பழைய ஐபாட் இருக்கு, முனீஸ்வரன் கோவில் தெருவுல குடுத்தா நல்ல விலை போகுமா?

அங்க இருக்கற பழம்பொருள் கடையில எனாமல் தூக்குச்சட்டி, பர்மா மரச்சாமான், கிராமபோன் குழா, வால்வு ரேடியோ கேப்பாங்க. ஐபாட்டைக் காட்டுனா சார்ஜர் இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு திருப்பிக் குடுத்துருவாங்க. ஹார்ட் டிஸ்க் போட்ட கிளாசிக் மாடலா இருந்தா மட்டும் தூக்கிப் போடாதீங்க, டிஸ்க்க எடுத்துட்டு மெமரி கார்டு மாட்டுற அடாப்டர் போட்டு, புது பேட்டரி வச்சு ஓட்டுற பசங்க இருக்காங்க, தேடி வந்து வாங்குவாங்க. ஷஃபிளுக்கெல்லாம் ஆள் இல்ல.

விநாயகர் பாட்டுதான் முதல்ல வரணும், ஆனா எப்பவும் நடுவுல வருது, தமிழ்ப் பேரு எல்லாம் கட்டம் கட்டமா காட்டுது, என்ன பண்றது?

ரெண்டும் தனித்தனி வியாதி. சின்ன பிளேயர்களும் கார் ஸ்டீரியோவும் பெரும்பாலும் பேரை வச்சு வரிசைப்படுத்தாது, எந்தப் பாட்டை எப்ப காப்பி பண்ணீங்களோ அந்த வரிசையிலதான் பாடும். 01, 02ன்னு பேருக்கு முன்னாடி நம்பர் போட்டாலும் கேக்காது. ஒண்ணை அழிச்சுட்டு இன்னொண்ணைப் போட்டா அழிச்ச எடத்துல போயி உக்காரும், அதான் நடுவுல வருது. முழுசா ஃபார்மேட் பண்ணிட்டு, விநாயகர் பாட்டை முதல்ல தனியா காப்பி பண்ணுங்க, அப்புறம் மத்ததை வேணுங்கற வரிசையில ஒவ்வொண்ணாப் போடுங்க, மொத்தமா செலக்ட் பண்ணி இழுக்காதீங்க.

கட்டம் வர்றதுக்குக் காரணம் அதுல தமிழ் எழுத்து வடிவமே கெடையாது. ஃபைல் பேரை மட்டும் மாத்துனா பத்தாது, பாட்டுக்குள்ள ஐடி3ன்னு ஒரு பட்டியல் இருக்கும், பாட்டுப் பேரு, படம், பாடகர் எல்லாம் அதுல இருக்கும், பிளேயர் முதல்ல அதைத்தான் படிக்கும். எம்பி3டேக்குன்னு ஒரு சாப்ட்வேர் சும்மாவே கெடைக்குது, அதுல ரெண்டையும் இங்கிலீஷ் எழுத்துல மாத்திருங்க. முடியலேன்னா பிளேயர எடுத்துட்டு கடைக்கு வாங்க, வரும்போது அதோட கேபிளையும் எடுத்துட்டு வாங்க, அந்த அஞ்சு பின் மினி யூஎஸ்பி இப்பல்லாம் லேசுல கெடைக்கறதில்ல.